எட்டு அங்குல வடிகால்

ஜூன் 12

அன்புள்ள கோணலுக்கு,

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று அம்மா போட்ட தடை இன்னும் அமலில் இருப்பதால் இந்தக் கடிதம். நான் நலம். உன் கட்டடமும் அதன் அளவில் நலம்.

நீ வரைந்து, அது எழும்பி, அதற்கே நான் பராமரிப்பு மேற்பார்வையாளராக வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை. ஏழு கோபுரங்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, ஒன்றில்கூட நேர்ச் சுவர் கிடையாது. கணினி ஆராய்ச்சி செய்பவர்கள் அறைக்குள் அடைந்து கிடக்கக் கூடாது, நடக்கும்போது ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ள வேண்டும், மோதினால் பேசுவார்கள் என்று திறப்பு விழாவில் உங்கள் அலுவலகப் பெரியவர் சொன்னார். மோதிக்கொள்கிறார்கள், அதில் குறையில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பேராசிரியர் தன் அறையைத் தேடி நாற்பது நிமிடம் சுற்றினார். மூன்று தடவை என் மேஜையைக் கடந்து போனார். நாலாவது தடவை, "பரவாயில்ல, இங்கயே உக்காந்துக்கட்டுமா?" என்றார். பீரோ எந்தச் சுவரோடும் ஒட்டுவதில்லை. பின்னால் விழுந்த பேனாவை எடுக்க ஏணியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. (ஏணி என்பது என் ஆட்கள் நாலு பேரில் ரொம்ப உயரமானவர். கூரையேறிச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு.)

இருந்தாலும் சொல்கிறேன், தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே. மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவர் முழுக்கக் கரும்பலகை வைத்தாயே, அங்கே தினமும் ஓர் ஆராய்ச்சி மாணவி நின்றுகொண்டு எழுதுவாள். போகிற வருகிற யாராவது நிற்பார்கள், அவள் கையிலிருந்து சாக்பீஸை வாங்குவார்கள், ஒரு வரியை அழித்து வேறு எழுதுவார்கள். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்டைக்குப் போவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் "இது என் தம்பி வரைஞ்சது" என்று யாரிடமாவது சொல்லத் தோன்றும். சொல்லியும் விடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். நாலாவது கோபுரமும் ஐந்தாவது கோபுரமும் சாய்ந்து சேருகிற பள்ளத்துக்குக் கீழே மறுபடி ஒழுகுகிறது. ஒவ்வொரு தடவையும் உனக்கு எழுதித்தான் வருகிறேன், இது ஏழாவது. எந்தக் கசிவையும் புகார்ப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதன் நகல் கட்டடத்தை வரைந்தவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகும் என்பது இங்கே விதி. நான் எழுதவில்லை. இரண்டு வாளி, நாலு பழைய துணி, நானும் ஏணியும். ஆபீஸ் திறப்பதற்குள் தரை காய்ந்துவிட்டது. உன் பெயர் கெடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூன் 25

அன்பு அக்காவுக்கு,

அந்தப் பேராசிரியரைப் பற்றிப் படித்துவிட்டு அலுவலகத்திலேயே சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்னவென்று கேட்டார். வீட்டு விஷயம் என்று சொல்லித் தப்பித்தேன்.

நல்ல செய்தி ஒன்று. நகர நூலகம் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "முழுசா நீயே பாரு" என்றார். பதினாறு வருடம், அக்கா. இதுவரை அவர் கோடு போடுவார், நான் அளவு போடுவேன். முதல் தடவையாகக் கோடும் என்னுடையது. அம்மாவிடம் நீயே சொல், நான் சொன்னால் அளப்பதாக நினைப்பாள்.

கசிவைப் பற்றி. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மாதிரிக் கட்டடம் உட்கார்ந்து பழகக் கொஞ்ச காலம் ஆகும். பள்ளத்தில் இலை அடைத்திருக்கும், அடிக்கடி அள்ளச் சொல். பதிவேட்டில் எழுதாமல் விட்டாயே, உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எழுதியிருந்தால் நூலகம் இருக்கும் திசைக்கே பெரியவர் என்னை விட்டிருக்க மாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படிகள் கோணலாக இருக்கின்றன, எவன் வரைந்தானோ.

உன் கோணல்


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

கிண்டல் செய்யும் நிலையில் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தாநாள் மதியம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. பள்ளத்தில் ஏறிய தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கி, மூன்று மாடியும் உள்ளுக்குள்ளேயே வழிந்து, அடித்தளத்தில் சர்வர் அறைக்குள் போய்விட்டது. வெளியே ஒரு சொட்டுத் தெரியவில்லை. நாங்கள் எப்போதும் வைக்கிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு, எல்லாம் கைக்குள் இருக்கிறதென்று நின்றுகொண்டிருந்தோம். சர்வர் அறைக் கதவைத் திறந்தபோது கணுக்கால் ஆழம். இரண்டு வரிசை இயந்திரங்கள் போய்விட்டன.

கரும்பலகைப் பெண்ணின் நாலு மாத வேலை அதில் இருந்தது. நகல் எடுத்து வைக்கும் இயந்திரமும் அதே வரிசையில்தான். அவள் அழவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து, "நாலு மாசம் ஓடின கணக்குக்கா, நாளைக்கு முடிய வேண்டியது" என்றாள். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். முதல் கேள்வியே கூரையைச் சுத்தம் செய்கிறவர்கள் யார் என்பதுதான். ஏணியையும் மற்ற மூன்று பேரையும் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏணி அந்தப் பள்ளத்தை வாரம் இரண்டு தடவை அள்ளுகிறார், நான் கீழே நின்று பார்க்கிறேன். "ஒரு இலை கூட இல்லைங்கம்மா, நீங்க பாத்தீங்கல்ல" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பார்த்தேன் என்றேன். அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று குழு கேட்கும்.

அந்த வடிகால் சரியான அளவில்தான் இருக்கிறதா? நீ சொன்னால் நம்புவேன்.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனசு சரியில்லை. நீ இதில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

குழு எங்கள் அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறது, பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது. இது போன்றவை இரண்டு மாதம் சத்தமாக இருக்கும், பிறகு அடங்கிவிடும். நீ மேற்பார்வையாளர் மட்டும்தான். கேட்டால் தெரியாது என்று சொல். பழைய விஷயங்கள் எதையும் கிளறாதே. ஏணிக்கு வேறு எங்காவது வேலைக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

வேலை தலைக்குமேல் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

நேற்று குழு கூடியது. உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதிலைத் தலைவர் உரக்கப் படித்தார். நான் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு ஆண்டுகளில் புகார்ப் பதிவேட்டில் கசிவு குறித்து ஒரு வரிகூட இல்லை. எனவே வடிகாலின் அளவில் பிழையில்லை. அண்மைக்காலத்தில் அதைச் சுத்தம் செய்வதில் நேர்ந்த அலட்சியமே காரணம்."

கீழே பெரியவரின் கையெழுத்து இருந்தது. ஆனால் நாலாம் வகுப்பிலிருந்து கட்டுரையை "கவனிக்க வேண்டியது என்னவென்றால்" என்று தொடங்குகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். அவனுக்குக் கட்டுரை நோட்டு அட்டை போட்டுக் கொடுத்தவள் நான்.

பதிவேடு ஏன் காலியாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நீ நன்றி சொல்லியிருக்கிறாய். உனக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்த மௌனத்தை எடுத்து ஏணியின் கழுத்தில் சுற்றியிருக்கிறாய். எப்படிடா மனசு வந்தது உனக்கு?

கூட்டம் முடிந்ததும் நேராகக் கூரைக்குப் போனேன். ஏணிக்குத்தான் உள்ளே வரத் தடை, எனக்கில்லை. படியேறி, சாய்ந்த தகட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, பள்ளத்துக்குள் டேப்பை வைத்து வடிகாலின் அகலத்தை அளந்தேன். எட்டு அங்குலம். இரண்டு கோபுரத்துக் கூரைத் தண்ணீரும் அந்த எட்டு அங்குலத்துக்குள் போக வேண்டும். எனக்குப் பொறியியல் தெரியாது. குளியலறை அடைத்துக்கொள்ளும்போது என்ன ஆகும் என்று தெரியும்.

செப்டம்பர் பத்தாம் தேதி அடுத்த கூட்டம். அன்றைக்கு நான் பேசப் போகிறேன். ஏழு தடவை ஒழுகியது, ஏழு தடவையும் நான் மறைத்தேன் என்று சொல்வேன். முதல் தடவையே எழுதியிருந்தால் அப்போதே யாராவது வந்து பார்த்திருப்பார்கள், அந்தப் பெண்ணின் நாலு மாதம் பிழைத்திருக்கும். அது என் தப்பு, அதை நான் சொல்லியாக வேண்டும்.

உன் கடிதங்களைக் கொண்டுபோக மாட்டேன். அவை நீ எனக்கு எழுதியவை. என்னுடையதை நான் சொல்கிறேன், உன்னுடையதை நீதான் சொல்ல வேண்டும். சொல் என்று கெஞ்சவும் மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 11

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நடந்ததைத் தெரிவிப்பது என் கடமை, அதனால் எழுதுகிறேன்.

காலையில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "ரெண்டு வருஷமா ஏன் எழுதல?"

"என் தம்பி வரைஞ்ச கட்டடம்ங்க."

யாரோ ஒருவர் சிரிக்கப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார். பிறகு தலைவர் சொன்னார், "இப்ப நீங்க சொல்றத மட்டும் வெச்சு நாங்க எப்படி நம்பறது? ஆளுங்களக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றீங்கன்னு அவங்க சொல்லலாமே." எழுதாத பதிவேட்டை விரித்துக் காட்டவா முடியும்? இருபதாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். அதுவரை எனக்கும் வேலை கிடையாது, சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது கரும்பலகைப் பெண் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. "முதல்லயே சொல்லியிருந்தா நான் வேற இடத்துல ஓட்டியிருப்பேன்ல?" என்றாள். ஆமாம் என்றேன். திரும்பி உள்ளே போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, பயமும் இல்லை. பத்து நாளாகத் தூக்கம் நன்றாக வருகிறது. உன்மேல் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. உனக்கும் என்மேல் இருக்கும். இருந்தால் கோபமாகவே எழுது, இப்படிப் பேசாமல் இருக்காதே. அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அது.

அக்கா


செப்டம்பர் 19

அன்பு அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் குழுவுக்கு ஒரு கட்டு போய்ச் சேர்ந்திருக்கும். உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஏழு கடிதங்களையும் அனுப்பிவிட்டேன். தேதியோடு, அஞ்சல் முத்திரை உள்ள உறையோடு. எந்த இடத்தில், எத்தனை வாளி, எந்தத் துணி என்றுகூட எழுதியிருக்கிறாய். பதிவேட்டில் எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்கள். அம்மாவின் முட்டி வலியும் நான் முடி வெட்டிக்கொள்ளாததும் நடுநடுவே வரும், குழு அதையும் படித்துக்கொள்ளட்டும்.

கூடவே இரண்டு வரைபடங்கள் வைத்திருக்கிறேன். முதலாவதில் அந்த வடிகால் ஒன்றரை அடி. அப்படித்தான் வரைந்தேன். சின்ன மாதிரிக் கட்டடம் செய்து, தெருவிலிருந்து பார்ப்பது போல் பார்த்தபோது, இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் தடித்த கறுப்புக் கோடாகத் தெரிந்தது. எனக்குச் சகிக்கவில்லை. இரண்டும் தோளோடு தோள் ஒட்டிச் சாய்ந்திருப்பது போல இருக்க வேண்டும் என்று எட்டு அங்குலமாகக் குறைத்தேன். பெரியவர் சொல்லிக் குறைக்கவில்லை. அவர் கேட்டார், "தண்ணி தாங்குமாப்பா?" நான் "தாங்கும் சார்" என்றேன். கணக்குப் போடவில்லை. கட்டடம் எழும்பிய பிறகு, உன் முதல் கடிதம் வந்த அன்றைக்குத்தான் போட்டுப் பார்த்தேன். தாங்காது. அன்றிலிருந்து எனக்குத் தெரியும். இரண்டு வருடம் உனக்கு இலை, இலை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிலை எழுதியதும் நான்தான், நீ சரியாகப் பிடித்தாய். எழுதும்போது ஏணியின் முகம் எனக்குத் தெரியாது, அதனால் சுலபமாக இருந்தது. உன் முகம் தெரியும், அதை நினைக்காமல் எழுதினேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை, அக்கா. வெட்கமாக இருக்கிறது.

உன் ஆகஸ்ட் 30 கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் பதில் எழுதாமல் பையிலேயே கிடந்தது. நீ பத்தாம் தேதி பேசினாய் என்று படித்த பிறகு, அடுத்த நாள் காலை பெரியவர் அறைக்குப் போனேன். கத்தினார். கண்ணாடிக் கதவு, எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு உட்கார்ந்து, இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நூலகத்த வேற ஆளுக்குக் குடுக்கறேன். நீ போய் உன் வடிகாலச் சரி பண்ணிட்டு வா" என்றார். கதவருகே போனபோது மறுபடி கூப்பிட்டார். "ஒழுங்கா முடிச்சு, அங்கருந்து இன்னொரு புகார் வராம இருந்தா, வர்ற வருஷம் நூலகத்தப் பத்திப் பேசலாம்."

சாரம் கட்டும் ஆட்களோடு அடுத்த வாரம் வருகிறேன். உன் வீட்டில் தங்கலாமா? வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன்.

கோணல்


டிசம்பர் 3

பெறுநர்: கட்டடத்தை வரைந்தவர்
அனுப்புநர்: பராமரிப்பு மேற்பார்வையாளர்
புகார் எண்: 1
இடம்: இரண்டாவது கோபுரம், மூன்றாவது மாடி, கரும்பலகைக்கு எதிர் ஜன்னலின் மேல்விளிம்பு
நேரம்: பிற்பகல் 2.40
அளவு: நிமிடத்துக்கு நாலு சொட்டு

அன்புள்ள கோணலுக்கு,

மேலே இருப்பதைப் பார்த்துப் பதறாதே, முழுவதும் படி.

நீ ஊருக்குப் போன பிறகு இன்றுதான் முதல் பெரிய மழை. ஏணி காலையிலிருந்தே பள்ளத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். திரும்ப வேலைக்கு எடுத்த நாளிலிருந்து அந்த வடிகாலைத் தன் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் ஒன்றரை அடியில் தாராளமாக ஓடியது. நாலாவது கோபுரமும் ஐந்தாவது கோபுரமும் உள்ளே ஒரு துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடக்கின்றன. சர்வர் அறைக்கு நானே இறங்கிப் போய்த் தரையைக் கையால் தடவிப் பார்த்தேன். நீ ஜெயித்துவிட்டாய். உன் கறுப்புக் கோடு தெருவிலிருந்து நன்றாகத் தெரிகிறது, அதைப் பார்த்து யாரும் மயங்கி விழவில்லை.

என் பணிப்பதிவில் கண்டனம் ஏறிவிட்டது, பதவி உயர்வு மூன்று வருடத்துக்குக் கிடையாது. எனக்கு வரவேண்டியதுதான் வந்தது. கரும்பலகைப் பெண் தன் கணக்கை மறுபடி முதலிலிருந்து ஓட்டத் தொடங்கியிருக்கிறாள். என்னைப் பார்த்தால் தலையாட்டுகிறாள், பேசுவதில்லை.

மதியம் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். ஜன்னல் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. நின்றேன். இன்னொன்று. இது வேறு இடம், வேறு காரணம், வடிகாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சின்னக் கசிவு. அங்கே யாரும் இல்லை, என் கையில் துணி இருந்தது. இரண்டு நிமிடத்தில் துடைத்திருப்பேன்.

உங்கள் பெரியவர் சொன்னது எனக்கு மறந்துவிடவில்லை. ஆறு வாரம் என் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, நூலகத்தை வெறும் விரலால் கூரையில் வரைந்து காட்டினாயே, அதுவும் மறக்கவில்லை. வாசல் எங்கே, படிக்கும் கூடம் எங்கே என்று எனக்கே மனப்பாடம். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அழுகை வந்தது. அழுதேன், பரவாயில்லை.

பிறகு துணியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கீழே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தேன். முதல் பக்கம் அப்படியே வெள்ளையாக இருந்தது. எழுதினேன். நகல் உன் அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டது. இது உன் கைக்கு வரும்போது பெரியவர் படித்திருப்பார், கத்தியிருப்பார்.

நீ என்மேல் கோபப்பட்டால் படு. என் இடத்தில் இருந்தால் இப்போது நீயும் எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன். அப்படி நம்ப முடிவதே எனக்கு நூலகத்தைவிடப் பெரிது, உனக்கு எப்படியோ தெரியாது.

புகார் கிடைத்த ஏழு நாளில் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. வாளி வைத்திருக்கிறேன். சுவரைத் துடைக்கவில்லை, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். சாப்பாடு வீட்டில்தான், அதில் மாற்றமில்லை.

உன் அக்கா